மீன்தொட்டியில் பாசி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

காதலன் தொட்ட இடத்தில் நீங்கி, விட்ட இடத்தில் பரவுகிறது பசலை. அதற்கு ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியை உவமையாக்கினார் பரணர். குறுந்தொகையின் 399ஆம் பாடல் அது. தமிழ் வகுப்பில் கேட்டபோது உவமையின் அழகை வியந்தேன். அதிலுள்ள உண்மையை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டு மீன்தொட்டி.

சென்ற பொங்கலுக்கு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கிக் கொடுத்தோம். வெளிச்சம் வேண்டுமென்று சன்னலோரம் வைத்தோம். அவள் ஆசையாக நாளைக்கு நான்கு முறை தீனி போட்டாள். சில வாரங்களில் கண்ணாடி பச்சையாகி மீன்களே தெரியாமற் போயின.

“பாட்டனி படிக்கிறியே அண்ணா, இதைச் சரிபண்ணிக் குடு” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எல்லோரும் என்னையே நம்பினர். நீர் முழுவதையும் கொட்டினேன். கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பினேன். தொட்டி பளிங்குபோல் மின்னியது. ஆனால் ஒரு வாரத்திற்குள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன; பாசியோ மறுபடி தலைகாட்டியது. தங்கை என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

நான் செய்த பிழை

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அழுக்கென்று எண்ணி நான் கழுவிக் கொட்டியது இந்தக் காவலர்களைத்தான். போதாததற்குக் குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைத் தாக்கக் கூடியது.

பாசி ஏன் வருகிறது?

முதலாண்டில் ஸ்பைரோகைராவின் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும் தொட்டியில் இருப்பது ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர் என்பதை மறந்து, அழுக்காகவே பார்த்தேன். விடை சொன்னவர் அப்பா. அவர் பள்ளிக்கூடம் போகாதவர்; கல்வராயன் மலையில் பிறந்துவரும் கோமுகி ஆற்றின் பாசனத்தில் குத்தகைக்கு நெல் பயிரிடுபவர்.

“ஏம்பா, வயல்ல உரம் மிஞ்சுனா தண்ணியில பாசி கட்டும். மீனுக்கு எவ்ளோ தீனி போடுறீங்க?” என்றார்.

இதே கருத்தைப் பிறகு ஒரு நூலில் படித்தேன். 1973இல் கனடாவின் 226ஆம் எண் ஏரியை டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தனர். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பாசியால் பச்சையாயிற்று. மிஞ்சிய சத்தே பாசியை வளர்க்கிறது என்பதை உலகம் கண்ணால் கண்டது. எங்கள் தொட்டியில் மிஞ்சிய தீனி உரமாயிற்று. சன்னல் வெயில் அதற்குத் துணை போயிற்று. காரணத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் தேய்த்தால், பரணர் சொன்னபடி பாசி திரும்பத்தானே செய்யும்!

செய்யத் தக்கவை

1. தொட்டியை நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும்.

2. இரண்டு மூன்று நிமிடங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே தீனி இட வேண்டும்.

3. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்ற வேண்டும். புதுநீரைக் குளோரின் நீக்கும் மருந்திட்டுச் சேர்ப்பது நலம். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலச வேண்டும்.

4. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற நீர்ச்செடிகளை வளர்த்தால், பாசிக்குரிய சத்தை அவை எடுத்துக்கொள்ளும்.

பாசி தின்னுமென்று சக்கர் மீனைச் சிலர் வாங்குவதுண்டு. அது மிகப் பெரிதாக வளரும். பிறகு வளர்க்க முடியாமல் ஏரியில் விட்டுவிடுவார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் தமிழகத்தின் நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பரவிவிட்டது. கோமுகிக்கும் அந்தக் கேட்டினை நாம் கொண்டு சேர்க்க வேண்டாம்.

எஞ்சிய இரண்டு மீன்களும் இன்று நலமாக உள்ளன. கண்ணாடியில் மெல்லிய பாசி இப்போதும் உண்டு. அது இருந்துவிட்டுப் போகட்டும். தங்கை காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை தீனி போடுகிறாள்.

நண்பர்களே, நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நூல்களை நன்கு கற்போம். அத்துடன் வீட்டிற்குச் சென்றதும், வயலில் நின்று கற்றவர்களையும் ஒரு வார்த்தை கேட்போம். நான் முன்னமே கேட்டிருந்தால் நான்கு மீன்கள் பிழைத்திருக்கும்.