ஒரு அறை, ஒரு கேன் தண்ணீர்

வேளச்சேரியில் எங்கள் வீடு கீழ்த்தளம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது படுக்கையறைக்குப் பெயின்ட் அடித்தோம். பொங்கலுக்குள் குளியலறைப் பக்கச் சுவர், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு, அப்பளம் மாதிரிக் கொப்பளித்துவிட்டது. நகத்தால் தட்டினால் பட்டியோடு சேர்ந்து உரிந்தது. உள்ளே மாவு போல உப்பு. அந்த எரிச்சலில் பில்களை எடுத்து வைத்துப் போட்டதுதான் இந்தக் கணக்கு. விலைகள் நான் கொடுத்தவை. உங்கள் கடை விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

அறை 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 போக 403. சீலிங் 120. ஆக 523 சதுர அடி. தரையளவை வைத்துப் பெயின்ட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: அடிக்க வேண்டிய பரப்பு தரையைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

சிமென்ட் பட்டி இரண்டு கை பார்க்க, கிலோவுக்கு 12 சதுர அடி வீதம் சுவருக்கு மட்டும் 34 கிலோ. 40 கிலோ மூட்டை ஒன்று, 900 ரூபாய்; மீதி சீலிங் விரிசலுக்குப் போனது. பிரைமர் ஒரு கோட், லிட்டருக்கு 120 சதுர அடி. நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வாங்கியது 5, விலை 700. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி என்று 5 லிட்டர், 1,300. உப்புத்தாள், ரோலர், பிரஷ் வகையில் 500. சாமான் மொத்தம் 3,400 ரூபாய். பெயின்டருக்கு நாளொன்றுக்கு 1,100, கூட வந்த கையாளுக்கு 800. நாலு நாளில் 7,600. கூட்டினால் 11,000, சதுர அடிக்கு 21 ரூபாய்.

இதில் எமல்ஷனின் பங்கு நூற்றுக்கு 12. எந்த கம்பெனி, எந்த ஷேடு என்று வீட்டில் ஒரு வாரம் நடந்த சண்டை முழுக்க இந்த 12 ரூபாய்க்குத்தான். கூலி 69. இரண்டு மடங்கு விலையுள்ள பெயின்டை எடுத்திருந்தாலும் கூடுதல் செலவு 1,300. ஈரம் காயட்டும் என்று இரண்டு பேரை ஒரு நாள் உட்கார வைத்தால் 1,900.

பில்லில் வராத சாமான் ஒன்று உண்டு: தண்ணீர். பட்டி குழைக்க 12 லிட்டர். பிரைமரில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். கலக்க ஊற்றியதையும் சேர்த்தால் 5. எமல்ஷனிலும் அப்படியே, நாலரை. ஆக இருபத்தொன்றரை லிட்டர். பட்டியிலுள்ள சிமென்ட் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றபடி, குடிக்க வாங்குகிறோமே 20 லிட்டர் கேன், அதில் ஒன்றை அப்படியே அந்த அறைக்குள் கொட்டியிருக்கிறோம். அது முழுக்கக் காற்றில் ஏறித்தான் வெளியே போக வேண்டும்.

காற்றுக்கு அதற்கு இடமிருக்கிறதா? அறைக்குள் 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும் நாளில் அறை முழுக்க இன்னும் 400 கிராமுக்கு இடமுண்டு. 20 லிட்டரும் போக அறைக் காற்று 50 தடவை மாற வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஈரப்பதம் 85. இடம் 150 கிராமுக்குத்தான், 130 தடவையாவது மாற வேண்டும். அதுவும் ஒவ்வொரு தடவையும் காற்று முழுசாக நனைந்து வெளியேறினால். நாங்களோ சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம்!

பெயின்டர் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, “காஞ்சுதான் சார் இருக்கு, தீபாவளிக்குள்ள முடிச்சிரலாம்” என்றார். மேல்தோல் காய்ந்துதான் இருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசினால் காத்திருக்கும் நாள் அவர் கையைக் கடிக்கிறது; நாள் கூலி என்றால் நம் கையை.

புறங்கை சொல்லாததைச் சொல்ல 30 ரூபாய் போதும். ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். பொங்கல் கழித்து நான் ஒட்டிய தாளில் உள்பக்கம்தான் நனைந்தது. குளியலறைக் குழாயின் இணைப்பு ஒன்று சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. பிளம்பருக்கு 1,500.

உரிந்த இடம் 12 அடி நீளம், 3 அடி உயரம்: 36 சதுர அடி. சுரண்ட, பட்டி பார்க்க, பெயின்ட் அடிக்க என்று பெயின்டர் மூன்று நாள் வந்தார். அரை நாள் வேலைக்கும் முழு நாள் கூலிதான். 3,300. சாமான் 600. சதுர அடிக்கு 108 ரூபாய் விழுந்தது, முதல் தடவையைப் போல ஐந்து மடங்கு.

ஜன்னல் மரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு இருக்குமோ. அதை உலரத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பெய்கிறது. தீபாவளி அதற்குள் வருகிறது, பொங்கல் அதன் வாலில் வருகிறது. நாம் பெயின்டரைக் கூப்பிடுவதும் இந்த இரண்டுக்கும்தான். மொத்தம் 16,400 செலவழித்தவன் சொல்கிறேன்: பண்டிகைக்கு ஒட்டடை அடித்து வீட்டைக் கழுவி விடுங்கள், போதும். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். பெயின்டரைப் பங்குனியில் வரச் சொல்லுங்கள்.