டயாலிசிஸ் நாற்காலிக்கு ஓர் ஒட்டுப் போர்வை

சுங்கைப்பட்டாணியில் என் பெரியம்மா டயாலிசிஸுக்குப் போகும் நாள்களில் அவர் பையில் மூன்று பொருள்கள் கட்டாயம் இருக்கும்: அடையாள அட்டை, ஒரு பிஸ்கட் பொட்டலம், பழைய தோத்தோ ஒன்று. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அவர் கழுத்து வரை போர்த்திக்கொண்டு நடுங்குவார். "இந்த ஊர் வெயிலில் யாருக்குப் போர்வை வேண்டும்?" என்று கேட்பவர்கள் அந்தக் கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குளிருக்குக் காரணம் ஏர்கோன் மட்டுமல்ல. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் நாற்காலியில் இருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் ரத்தம் உடலை விட்டுக் குழாய் வழியாக வெளியேறி, இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்புகிறது. போய் வருகிற வழியில் அதன் சூடு குறைகிறது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடாமல் இருக்க, இயந்திரத்தில் ஓடும் திரவத்தையே சிலருக்கு உடல் சூட்டைவிடச் சற்றுக் குறைவாக வைப்பார்கள். சிறுநீரக நோயோடு ரத்தச்சோகையும் சேர்ந்து வருவதுண்டு. அதுவும் குளிரைக் கூட்டும். நீரிழிவு நம்மவர்களைப் பிடித்து ஆட்டுகிற ஆட்டத்தில், இந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருவராவது இல்லாத குடும்பத்தை கூலிமிலோ பீடோங்கிலோ தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவர்களுக்குக் கடையில் ஒரு போர்வை வாங்கிக் கொடுத்தால் குளிர் போய்விடும். அதில் சந்தேகமில்லை. ஆனால் உலகத்தின் பல மூலைகளில், துன்பத்தில் இருப்பவருக்குத் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் 'குவில்ட்' என்பார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெத்தென்ற ஓர் அடுக்கு, கீழே ஒரு முழுத்துணி, மூன்றையும் பிணைக்கும் தையல். அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

நமக்கு இது புதிதல்ல. கிழிந்த சேலையையும் வேட்டியையும் நாலாக மடித்து, ஓரம் தைத்து, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்த பாட்டிகள் தோட்டங்களில் இருந்தார்கள். மலாய்க்காரர்கள் ஒட்டுத்துணி வேலையைத் 'தம்பால் செரிபு' என்கிறார்கள். ஆயிரம் ஒட்டு என்று பொருள். சீனர்களிடம் நூறு வீட்டுப் போர்வை என்ற வழக்கம் உண்டு. நூறு வீடுகளில் துணி கேட்டு வாங்கி, பிறந்த குழந்தைக்குத் தைப்பார்கள். நூறு குடும்பத்தின் வாழ்த்து பிள்ளையைக் காக்கும் என்பது நம்பிக்கை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா'வும், பழமொழியில் நாம் சொல்கிற 'கந்தை'யும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். தமிழ் படித்தவளுக்கு இந்த மாதிரி இடத்தில் சும்மா இருக்க முடிவதில்லை, மன்னிக்கவும்.

முன்பின் தெரியாதவர் தைத்த போர்வை எப்படி ஆறுதலாகும்? இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. குளிருக்காக அல்லாமல் தைக்கப்பட்ட போர்வைகளின் கதை.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மார்ச் மாதம் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 400 பேர் சாங்கி சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். கணவன்மார் சிலர் அதே சிறையின் மறுபகுதியில், சிலர் சாங்கியின் ராணுவ முகாம்களில். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடப் பல பெண்களுக்குத் தெரியாது. கடிதம் எழுத வழியில்லை.

எத்தல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு யோசனை சொன்னார். விரும்பிய ஒவ்வொருவருக்கும் 6 அங்குலச் சதுரத் துணி ஒன்று. அதில் தன்னைக் காட்டும் ஏதாவது ஒன்றைத் தைத்து, பெயரையும் தைக்க வேண்டும். 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் தயாராயின. முகாம் மருத்துவமனையில் கிடந்த காயம்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி ஒன்று பிரிட்டிஷாருக்கும், ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கும் அனுப்பப்பட்டன. மூன்றாவது ஜப்பானிய வீரர்களுக்கு! எதிரிக்கும் ஒன்று கொடுத்தால்தான் மற்ற இரண்டுக்கும் கதவு திறக்கும் என்ற சாமர்த்தியம் அதில் இருந்திருக்க வேண்டும்.

பூ, வீடு, கப்பல், சிறைச் சுவர் என்று பலவற்றை அவர்கள் தைத்தார்கள். தைப்பிங்கில் பிறந்து, பதின்ம வயதில் சிறைக்குப் போன ஷீலா ஆலன் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைத் தைத்தார். பின்னாளில் தன் சிறை நாட்குறிப்பைப் புத்தகமாக வெளியிட்டவர் இவர். படம் எதுவாக இருந்தாலும், மருத்துவமனையில் அதைப் பார்த்த ஆண் முதலில் தேடியது பெயரைத்தான். பெயர் இருந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள். காவலர்களின் கண்ணுக்கு அது போர்வை. கணவனின் கண்ணுக்குக் கடிதம்.

அதே சிறையில் 8 முதல் 16 வயது வரையிலான சுமார் 20 சிறுமிகள், தங்கள் சாரணியர் குழுவை நடத்திய எலிசபெத் என்னிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். நூல் இல்லாததால் பழைய துணியைப் பிரித்து நூல் எடுத்தார்கள். அந்தப் போர்வை இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் தைத்த மூன்றில் இரண்டு கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் பத்திரமாக உள்ளன.

இந்த இடத்தில் கெடா வாசகருக்கு ஒரு கேள்வி எழுந்தே தீரும். அதே ஆண்டுகளில் நம் ஆள்கள் எங்கே இருந்தார்கள்?

சயாம் மரண ரயில் பாதையில் இருந்தார்கள். 1942-இல் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000-க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள், கெடா தோட்டத்து ஆள்களும் அதில் உண்டு. பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. ஊரில் எஞ்சியிருந்த பெண்களுக்கு மாற்றுச் சேலை இல்லை. வெளிநாட்டுத் துணி வரத்து நின்றுபோய், சாக்கைச் சுற்றிக்கொண்ட கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். ஒட்டுப் போட்டுத் தைக்கவும் ஒட்டுத்துணி வேண்டுமல்லவா? காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளாக இறந்த வெள்ளைக்கார வீரர்களின் கற்களில் பெயர் இருக்கிறது. நம்மவர் பெயர்கள் அங்கே இல்லை.

இதைச் சொல்வது சாங்கி பெண்களின் துன்பத்தைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. ஒட்டுப் போர்வையில் துணியைவிடப் பெயர்தான் பெரிய வேலை செய்கிறது என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1987-இல் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வையும் இதே வழிதான். 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறை அளவுத் துணி; ஒவ்வொன்றிலும் இறந்த ஒருவரின் பெயர். வெளியே சொல்லக் கூசிய பெயர்களைக் குடும்பத்தாரும் நண்பர்களும் தைத்துக் கொண்டுவந்து புல்வெளியில் விரித்தார்கள். முதல் நாளில் 1,920 துண்டுகள்.

சரி, நம் நாற்காலிக்கு வருவோம். தைப்பதற்கு என்ன வேண்டும்?

டயாலிசிஸ் நோயாளிக்குக் கட்டில் அளவு வேண்டாம். இடுப்பிலிருந்து பாதம் வரை மூடினால் போதும். 3 அடிக்கு 4 அடி சரியான அளவு. 6 அங்குலச் சதுரமாகக் கணக்கிட்டால் வரிசைக்கு 6, வரிசைகள் 8, மொத்தம் 48 சதுரங்கள். வெட்டும்போது ஆறரை அங்குலமாக வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். பின்பக்கத்துக்கு ஒரு பழைய பாத்தேக் கைலியின் தையலைப் பிரித்தால் தாராளமாகப் போதும். நடுவில் பழைய பிளானல் துணியோ மெல்லிய துவாலையோ வையுங்கள். கனமான பஞ்சு வேண்டாம். துவைத்தால் காய இரண்டு நாள் பிடிக்கும். மூன்றையும் பெரிய தையலாக இழையோட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு கையால் நேர்தையல் போடலாம். பொறுமை இல்லாதவர்கள் சதுரங்கள் சேரும் மூலைகளில் மட்டும் தடித்த நூலால் முடிச்சுப் போட்டாலும் அடுக்குகள் நழுவாது.

பருத்தித் துணி நல்லது. ஆனால் நம் பாட்டிகளின் சேலைகள் பாதிக்குமேல் நைலக்ஸ். வழுக்கும், ஊசிக்கு நிற்காது. அதை விட்டுவிடவும் மனம் வராது. நைலக்ஸ் துண்டின் அடியில் அதே அளவு பழைய பருத்தித் துணியை வைத்துச் சேர்த்துத் தைத்தால் அடங்கிவிடும். சாயம் போகும் துணிகளை முன்பே தனியாக அலசிவிடுங்கள். சரிகை, மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். நோயாளியின் தோல் மெலிந்திருக்கும், கீறும். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணிப் பாருங்கள்.

மிக முக்கியமானது ஒன்று. ஊசி ஏற்றியிருக்கும் கையைப் போர்வை மறைக்கவே கூடாது. ஊசி நழுவினால் சில நிமிடங்களில் நிறைய ரத்தம் போய்விடும். தாதியர் கண்ணில் அந்தக் கை எப்போதும் பட வேண்டும். என் பெரியம்மா தோத்தோவைக் கழுத்து வரை இழுப்பதும், தாதி வந்து கையை வெளியே எடுத்து வைப்பதும் அங்கே தினசரி நாடகம். அகலம் 3 அடியோடு நிற்பதற்கு இதுதான் காரணம். துளி ரத்தம் பட்டால் குளிர்ந்த நீரில் உடனே அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை தங்கிவிடும்.

எல்லாத் துன்பத்துக்கும் இது மருந்தல்ல. 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்தில் வெள்ளமும் மரங்களும் சேர்ந்து வந்து வீடுகளை அடித்துப்போன மாதிரியான நேரத்தில், முதல் வாரம் மக்களுக்கு வேண்டியது காய்ந்த மெத்தையும் மண்வெட்டியும்தான். ஒட்டுப் போர்வையை மூன்றாவது மாதம் கொண்டுபோங்கள், மற்றவர்கள் வருவதை நிறுத்திய பிறகு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுத்தால் தரையில் விரிக்க மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். தூங்கும்போது முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும். இறந்தவர் துணியில் தைக்கும் யோசனை வந்தால் முதலில் குடும்பத்தைக் கேளுங்கள். இறந்தவர் உடைகளை வீட்டில் வைக்கக்கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அந்தச் சேலைதான் வேண்டும் என்று அழும் மகள்களும் இருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு ஒன்று தைக்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளுக்கு ஒரு துண்டு, அதில் பெயர் தைத்திருக்க வேண்டும், ஊசி பிடிக்கத் தெரியாதவர்கள் துணி எழுதுகோலால் எழுதலாம். ஜொகூரிலிருந்து அக்கா தன் பள்ளிச் சீருடையின் நீலத்தை அனுப்பினார். பாடாங் செராய் சித்தி தோட்டத்தில் பால்மரம் சீவப் போனபோது தலையில் கட்டிய துணியை அனுப்பியிருக்கிறார். எத்தனை முறை துவைத்தும் ரப்பர்பால் கறை போகவில்லை, அப்படியே தைத்துவிட்டேன். 48-இல் 31 வந்திருக்கிறது. சின்ன மாமா மட்டும் "நாளைக்கு அனுப்புறேன்" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய சதுரத்தை இரண்டாவது வரிசையில் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.