கைக்குழந்தையின் தலைக்காயம்: வைத்தியர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

இரண்டு மாதக் குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது. வயிற்றுக் கோளாறு அல்லது ஏதாவது வைரஸ் என்றுதான் எவரும் நினைப்பர். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் சில வேளைகளில் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். குழந்தையை யாரோ பலமாக உலுக்கியதாலோ, தலையை எதிலாவது மோதியதாலோ இது ஏற்பட்டிருக்கலாம். முன்னர் 'உலுக்கப்பட்ட குழந்தை' நோய் எனப்பட்ட இதனைத் 'துன்புறுத்தலால் ஏற்படும் தலைக்காயம்' என அழைக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009இல் பரிந்துரைத்தது.

இதனைக் கண்டுபிடிப்பது இலகுவல்ல. வெளியில் காயமே இல்லாதிருக்கலாம். குழந்தைக்கோ பேச வராது. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஆய்வொன்றில், இவ்வகைக் காயமடைந்த 173 குழந்தைகளில் 54 பேருக்கு வைத்தியர்கள் முதலில் வேறு நோய் என்றே முடிவு செய்திருந்தமை தெரியவந்தது. அந்த 54 பேரில் 15 குழந்தைகள் வீடு திரும்பிய பின் மீண்டும் காயப்பட்டனர். தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் வெள்ளையினக் குடும்பங்களிலேயே இத்தவறு அதிகம் நடந்தது. 'நல்ல குடும்பம்' என்ற எண்ணம் வைத்தியரின் கண்ணையும் மறைக்கும் போலும்!

மறுபக்கமும் உண்டு. அதனை ரொறன்ரோவாசிகளாகிய நாம் நன்கறிவோம். சிக்கிட்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய நோயியல் நிபுணர் சார்ள்ஸ் ஸ்மித், சிறுவர் மரணங்கள் பலவற்றைக் கொலை என்றோ சந்தேகத்துக்குரியவை என்றோ கூறிவந்தார். தடயவியல் நோயியலில் அவருக்கு முறையான பயிற்சி இருக்கவில்லை. அவர் கையாண்ட 45 மரணங்கள் மீளாய்வு செய்யப்பட்டபோது, 20இல் அவரது முடிவுகள் பிழையானவை அல்லது ஐயத்துக்குரியவை என 2007இல் வெளியானது. நீதிபதி ஸ்டீபன் கௌட்ஜ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2008 ஒக்டோபரில் வந்தது. குழந்தை உலுக்கப்பட்டதாகக் கூறித் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளையும் மீளாய்வு செய்யுமாறு அது கேட்டது. அவ்வாறு, இந்தியாவிலிருந்து வந்த தந்தை ஒருவர் 2011இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். நீண்ட சிறைவாசத்துக்கும், மற்றப் பிள்ளையைப் பிரிவதற்கும் அஞ்சி, செய்யாத குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆகவே இன்று ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யப்படக் கூடாது. மண்டையோட்டுக்குள் கசிவு, விழித்திரையில் இரத்தப் பொட்டுகள், மூளைப் பாதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தாலே போதும் என்ற பழைய நம்பிக்கை கேள்விக்குள்ளாகிவிட்டது. தலைக்கு சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும். கண் வைத்தியர் பரிசோதிப்பார். உடல் முழுவதற்கும் எக்ஸ்ரே எடுத்து, புது முறிவுகள் முதலில் தெரியாமல் போகலாம் என்பதால் இரண்டு வாரங்களின் பின் மீண்டும் எடுப்பார்கள். இரத்தம் உறைவதில் குறைபாடு உண்டா, கசிவை ஏற்படுத்தும் அரிய பரம்பரை நோய் உண்டா என்றும் பார்க்கப்படும். வைற்றமின் கே குறைவாலும் மூளையில் இரத்தம் கசியலாம். பிறந்தவுடன் போடப்படும் அந்த ஊசியை எக்காரணம் கொண்டும் வேண்டாம் எனாதீர்கள்.

கேள்விகளுக்கு வருவோம். எங்கிருந்து விழுந்தது, எதன் மேல் விழுந்தது, யார் பார்த்தார், கடைசியாக எப்போது ஒழுங்காகப் பால் குடித்தது என்று வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சொல்லப்படும் கதை காயத்துடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதே நோக்கம். சோபாவிலிருந்து விழும் குழந்தைக்குத் தலையில் வீக்கம் வரலாம், சிலவேளை மண்டையோட்டில் வெடிப்பும் வரலாம். மூளை கடுமையாகப் பாதிக்கப்படுவது மிக அரிது. 'வீட்டு மானம்' கருதி விபரத்தை மாற்றிச் சொன்னால், குற்றமற்றவர் மீதும் சந்தேகம் விழும். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மைத்துனரையோ மூத்த பிள்ளையையோ கொண்டு சமாளிப்பது ஆபத்து.

நியாயமான சந்தேகம் எழுந்தால் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். வைத்தியர் அறிவிப்பதால் நீங்கள் குற்றவாளி என்று ஆகிவிடாது. பொலிஸ் விசாரிக்க வந்தால் முதலில் சட்டத்தரணியுடன் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

எமது குழந்தைகள் பலருக்குப் பிறப்பிலேயே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிறத் திட்டுகள் காணப்படும். கண்டல் காயம் சில நாட்களில் நிறம் மாறி மறையும், இவை மாறா. முதல் பரிசோதனையிலேயே குடும்ப வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்வியுங்கள். ஆனால் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் எங்கு கண்டல் இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

குழந்தை இரண்டாம் மாதமளவில்தான் மிக அதிகமாக அழும். எதுவும் செய்து நிற்காத அழுகையில் பொறுமை போகும்போதே இக்காயங்களில் பல நேர்கின்றன. அவ்வேளை குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, கதவைச் சாத்தி, சில நிமிடம் அடுத்த அறையில் இருங்கள். அழுவதால் அதற்குக் கெடுதி வராது. இரவோ பகலோ 811ஐ அழைத்தால் தாதி ஒருவருடன் பேசலாம். வலிப்பு வந்தால், மூச்சுத் திணறினால், எழுப்பியும் எழும்பாவிட்டால் 911.