நாற்பத்தெட்டு மணி நேரமும் அதற்குப் பிறகும்

அகத்தியமலைச் சாரலிலுள்ள போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் மரத்திலிருந்து விழுந்தவரை விதுரா, நெடுமங்காடு வழியாக, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோக நேரலாம். அங்கே அவருக்கு எவையெல்லாம், எத்தனை நாள் தேவைப்படும் என்பதை அடிபட்ட உறுப்பே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால், இரத்த வங்கி, ஸ்கேன், அறுவை அரங்கு மூன்றும் முதல் சில மணி நேரத்திலேயே வேண்டும்; கசிவு நின்றுவிட்டாலோ பெரும்பாலோர் ஓரிரு வாரத்தில் வீடு திரும்புவர். தலைக்காயத்தின் கணக்கு வேறு. கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு ஆகியவற்றுக்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் கிளாஸ்கோ அளவுகோல், 1974இல் வெளியானது முதல் நினைவின் ஆழத்தை அளக்கப் பயன்படுகிறது. அது 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் பொதுவாகச் சுவாசக் குழாய் பொருத்தி, மருத்துவமனையிலேயே செலவு மிகுந்த இடமான தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள், சில வேளை பல வாரம் வைத்திருக்க வேண்டும்.

தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவருக்குக் கருவிகளை விட ஆட்களே மிகுதியாகத் தேவை: படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவும், சிறுநீரை வெளியேற்றவும், சக்கர நாற்காலிக்கு மாறப் பழக்கவும் மாதக்கணக்கில் கைகள் வேண்டும். இதைத் தம் உடலாலேயே அறிந்தவர் கேரளத்தில் பிறந்த மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த அவருடைய முயற்சியால், 1966இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் உருவாயிற்று.

அரசுத் திட்டங்களோ காயத்தின் வகையைப் பாராமல் கடிகாரத்தையே பார்க்கின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ முதல் 48 மணி நேரத்துக்கும், ஒன்றிய அரசு 2025இல் அறிவித்த திட்டம் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலும் பொறுப்பேற்கின்றன. மண்ணீரல் கிழிந்தவருக்கு இந்தக் கால அளவு பெரும்பாலும் போதலாம். தண்டுவடம் நசுங்கியவருக்கு அதற்குள் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கியிருந்தாலே பெரிது. தவிர, இவ்விரு திட்டங்களும் சாலை விபத்துக்கு மட்டுமே உரியவையாதலால், போனக்காட்டில் மரத்திலிருந்து விழுந்தவரும் காட்டு விலங்கு தாக்கியவரும் இவற்றின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை.