வெறும் 11.6% பேரின் மதத்துக்கு நாடு முழுக்க விடுமுறை: பெனினுக்கு டிக்கெட் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாய்லாந்து, பாலி, வியட்நாம் எல்லாம் பார்த்தாச்சு, அடுத்து எங்கே என்று தேடுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு வீடியோ ஒன்றாவது உங்கள் ரீல்ஸில் வந்திருக்கும். வைக்கோல் போர் போன்ற ஒரு உருவம் தரையில் சுழன்று சுழன்று ஆடும். சுற்றிலும் மேளம், வெள்ளை உடையில் பெண்கள், பின்னால் கடல். கீழே 'வூடூ திருவிழா' என்று போட்டிருப்பார்கள்.

ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கே ஒரு தேசிய விடுமுறை. 'வோதுன்' என்ற பாரம்பரிய மதத்துக்கான நாள் அது. ஆனால் 2013 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், தங்கள் மதம் வோதுன் என்று சொன்னவர்கள் 11.6% மட்டுமே. முஸ்லிம்கள் 27.7%, கத்தோலிக்கர்கள் 25.5%. அரசமைப்புப்படி பெனின் மதச்சார்பற்ற நாடு. அப்புறம் எப்படி இந்த விடுமுறை?

இந்த எண் எதை மறைக்கிறது?

கணக்கெடுப்பில் ஒருவருக்கு ஒரு மதம்தான் பதிவாகும். வாழ்க்கை அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற ஒருவர், குடும்பத்தில் பிரச்சினை என்றால் வோதுன் குறிசொல்பவரிடமும் போவார். குலத்தின் தெய்வத்துக்குப் படையலும் வைப்பார். கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பதிவானவர்களில் பலர் வோதுன் சடங்குகளையும் செய்கிறார்கள் என்று மத சுதந்திரம் பற்றிய அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிக்கைகளும் குறிப்பிடுகின்றன.

உய்தா என்ற கடலோர ஊரில் இதை நேரிலேயே பார்க்கலாம். அங்கே மலைப்பாம்புக் கோவிலும் கத்தோலிக்கப் பேராலயமும் எதிரெதிரே நிற்கின்றன. ஆக, 11.6% என்பது வோதுனைத் தன் மதம் என்று சொன்னவர்களின் அளவு. வோதுன் எத்தனை பேர் வாழ்க்கையில் இருக்கிறது என்பதன் அளவு அல்ல.

சரி, வோதுன் என்றால் என்ன?

ஃபோன் மொழியில் (ஆமாம், மொழியின் பெயரே அதுதான்) வோதுன் என்றால் தெய்வம், ஆவி என்று பொருள். இடிக்கு ஹெவியோசோ, இரும்புக்கு கு, பாம்புக்கும் வானவில்லுக்கும் டான் என்று தெய்வங்கள் பல. சக்பட்டா மண்ணின் தெய்வம். அம்மை நோயைத் தருவதும் அவரே, தீர்ப்பதும் அவரே. எல்லைகளிலும் வாசல்களிலும் நிற்கும் லெக்பாதான் மனிதர்களுக்கும் மற்ற தெய்வங்களுக்கும் நடுவில் தூதர். அதனால் முதல் மரியாதை அவருக்கு.

நீங்கள் ஐடி துறையில் இருந்தால், 'ஃபா' என்ற குறிபார்க்கும் முறை உங்களுக்குப் பிடிக்கும். குறிசொல்பவர் எட்டு அரைவிதைகள் கோத்த சங்கிலியை வீசுவார். ஒவ்வொரு விதையும் மேல்பக்கமாகவோ உள்பக்கமாகவோ விழும். எட்டு விதை, இரண்டு நிலை: மொத்தம் 256 குறிகள். அதாவது எட்டு பிட். ஒவ்வொரு குறிக்கும் உரிய கதைகளையும் பரிகாரங்களையும் வருடக்கணக்கில் மனப்பாடம் செய்தவர்தான் பலன் சொல்ல முடியும்.

ஊசி குத்திய பொம்மை? அது வோதுன் வழிபாட்டின் அடையாளம் அல்ல. 1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்தக் காலத்துப் பயண நூல்களும், 1932-ல் வந்த 'வொயிட் ஸோம்பி' போன்ற ஹாலிவுட் படங்களும் பரப்பிய பயத்தின் மிச்சம்தான் இன்றைய 'வூடூ' பிம்பம்.

பெனின் மதம் ஹைட்டிக்கு எப்படிப் போனது?

அடிமைக் கப்பல்களில். உய்தாவிலிருந்து மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கடத்தப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களோடு தெய்வங்களும் ஹைட்டி, பிரேசில், கியூபா போய்ச் சேர்ந்தன. அவர்கள் கப்பலேறிய கடற்கரையில் 1995-ல் 'திரும்பி வராத வாசல்' என்ற நினைவுச் சின்னம் கட்டப்பட்டது.

தடையிலிருந்து திருவிழா வரை

1960-ல் பிரான்ஸிடமிருந்து விடுதலை கிடைத்த பிறகும் வோதுனுக்கு நிம்மதி இல்லை. 1972-ல் ஆட்சியைப் பிடித்த மத்தியூ கெரெகுவின் மார்க்சிய அரசு, சூனிய ஒழிப்பு என்ற பெயரில் சடங்குகளை ஒடுக்கியது. 1990-ல் ஜனநாயகம் திரும்பியதும் காற்று மாறியது. 1993 பிப்ரவரியில் உய்தாவில் சர்வதேச வோதுன் கலை விழா நடந்தது. அதே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் பெனினுக்கு வந்து வோதுன் குருமார்களைச் சந்தித்தார். ஜனவரி 10 விடுமுறையும் அந்தப் பத்தாண்டில்தான் வந்தது. ஒடுக்கப்பட்ட ஒரு மரபுக்கு அரசு கொடுத்த அங்கீகாரம் அது.

இப்போது அடுத்த கட்டம். 2024 முதல் அரசு இதை 'வோதுன் டேஸ்' என்ற பெயரில் பல நாள் சுற்றுலா விழாவாக நடத்துகிறது. மேடை, இசைக் கச்சேரி, வெளிநாட்டுப் பயணிகள் எல்லாம் உண்டு. வருமானமும் மரியாதையும் கிடைப்பது நல்லதுதான். ஆனால் கேமராவுக்கு எது அழகோ அதுதான் மேடையேறும். ஒரு மதம் காட்சிப் பொருளாகிவிடக்கூடிய இடம் அது.

இந்தியாவுக்கு இதில் என்ன தொடர்பு?

எதிர்பார்க்காத ஒன்று. பெனின், டோகோ, கானா கடற்கரைகளில் வணங்கப்படும் நீர்த்தெய்வம் மாமி வாட்டா. பாம்பைத் தூக்கிப் பிடித்த, நீண்ட கூந்தல் கொண்ட பெண்ணாக அவரைக் காட்டும் பிரபலமான படம், 1880-களில் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் போஸ்டர். 1955-ல் கானாவிலிருந்த வணிகர்களுக்காக பம்பாயின் காலண்டர் நிறுவனம் ஒன்று அதை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தது.

நம் ஊர் சாமி படங்களும் அந்தக் கோவில்களுக்குள் போயின. மூன்று தலை தத்தாத்ரேயர் அங்கே 'டென்சு' என்ற நீர்த்தெய்வம். கலை வரலாற்றாய்வாளர்கள் ஹென்றி ஜான் ட்ரூவல், டானா ரஷ் ஆகியோர் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கடல் கடந்து வருவதைத் தனதாக்கிக்கொள்வதும் இந்த மதத்தின் இயல்பு.

போவதாக இருந்தால்...

* விசா, ஊசி: இ-விசா உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும். திரும்பி இந்தியாவுக்குள் வரும்போதும் அதைக் காட்ட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள்.
* மொழி: ஆட்சி மொழி பிரெஞ்சு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பாதி விஷயம் புரியாது.
* பாதுகாப்பு: வடக்கு எல்லைப் பகுதிகளில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் நடக்கிறது. அங்கே போக வேண்டாம். உய்தா, அபோமே, போர்ட்டோ நோவோ எல்லாம் தெற்கில்தான் உள்ளன.
* முகமூடி ஆட்டம்: எகுன்குன் என்பது திரும்பி வந்த முன்னோர். அந்தத் துணியைத் தொடக் கூடாது. கூடவே வருபவர்கள் கையில் குச்சி வைத்திருப்பதே உங்களைத் தள்ளி நிறுத்தத்தான். 'உள்ளே யார்?' என்று கேட்காதீர்கள்.
* பலி: சில சடங்குகளில் கோழி, ஆடு பலி உண்டு. பார்க்க முடியாது என்றால் சத்தமில்லாமல் விலகி நில்லுங்கள்.
* கேமரா: மேடை நிகழ்ச்சியில் எடுக்கலாம். கோவிலிலும் வீட்டுச் சடங்கிலும் கேட்டுவிட்டே எடுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமான அறைகளுக்குள் காசு கொடுத்து நுழையப் பார்க்காதீர்கள்.

முடிந்தால் விழா முடிந்த பிறகும் இரண்டு நாள் தங்குங்கள். மேடை பிரித்த பிறகும், வாசலில் இருக்கும் லெக்பாவுக்கு யாராவது பனை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த 11.6 சதவீதத்துக்குள் வராதவராகவும் அவர் இருக்கலாம்.