வெள்ளைப் புள்ளி மறைந்தால் மீன் பிழைத்துவிட்டதா?

வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால், வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் பக்கம்தான். எங்கே வாங்கினாலும், பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவரும் புது மீன் சில நாள்களில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளுடன் கற்களில் உடம்பைத் தேய்த்தால் உஷார்!

இது ‘இக்’ எனப்படும் வெள்ளைப் புள்ளி நோய். ஓர் ஒட்டுண்ணியின் வேலை. கவனிக்காவிட்டால் தொட்டியே காலியாகிவிடும்.

புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை ஒட்டுண்ணியை மருந்து தொடாது. வளர்ந்ததும் அது உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகும். அவை அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்துக்குச் சிக்கும்.

என்ன செய்யலாம்?

* ஹீட்டரில் வெப்பத்தை நாளுக்கு ஓரிரு டிகிரி கூட்டி, 28 முதல் 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டுண்ணியின் சுழற்சி சீக்கிரம் முடியும். சூட்டில் ஆக்சிஜன் குறையும். காற்று பம்ப் நிற்கக் கூடாது.

* மருந்து பாட்டிலில் உள்ள அளவே போதும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

* அடியில் தங்கும் கழிவை டியூபால் உறிஞ்சி, குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றுங்கள்.

* புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சை தொடரட்டும்.

வராமல் தடுக்க, புது மீனை 2 முதல் 3 வாரம் தனி டப்பில் வையுங்கள். அதற்குத் தனி வலை வேண்டும். கவரில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்த ஒரு டப், மற்ற மீன்களின் உயிரைக் காக்கும்.