கடல் கடந்து வரும் புகை

பெரும்போக காலத்தில் ஹாலிஎலைக் கமக்காரர் வடகீழ்ப் பருவக்காற்றை மழையின் பொருட்டு எதிர்பார்ப்பர். அக்காற்றுக் கொண்டு வருவது மழை மாத்திரமன்று. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் திகதி இலங்கையின் பல பகுதிகளிற் புகைமூட்டம் கவிந்தது. மறுநாட் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வேளை வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி நிலவிற்று. இந்தியாவிலிருந்து மாசுற்ற காற்று வந்து சேர்ந்தமையே காரணமெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது.

இவ்வாறு தொலைவிலிருந்து வந்து சேர்வது, அங்கு புறப்பட்ட அதே புகையன்று. வழியில் அது வேறு பொருளாகிவிடுகின்றது. நிலக்கரி எரியும்போது கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயு வெளிப்படும். சூரிய ஒளியும் ஈரமும் சேர, அது சில நாட்களிற் சல்பூரிக்கமிலமாகும். முகிற்றுளியினுள் இம்மாற்றம் இன்னும் விரைவானது. வாகனப் புகையிலும் விறகுப் புகையிலும் உள்ள நைதரசன் ஒட்சைட்டுக்கள் ஏறத்தாழ ஒரு நாளில் நைத்திரிக்கமிலமாகும். மாட்டெருவிலிருந்தும் யூரியா இட்ட வயல்களிலிருந்தும் எழும் அமோனியா இவ்வமிலங்களுடன் கூடி நுண்ணிய உப்புத் துகள்களைத் தரும். புதிய புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்குப் போல நீரை ஏற்காது. இவ்வுப்புக்கள் மேலே படிந்தபின் நீரை ஈர்த்துப் பருத்து மூட்டமாகும், அல்லது மழையிற் கழுவுண்டு நிலத்தை அடையும்.

1999ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் பல நாட்டு அறிஞர் மாலைதீவை நிலையமாகக் கொண்டு இந்து சமுத்திரத்தின் மேலுள்ள காற்றை ஆராய்ந்தனர். மூட்டம் மூன்று கிலோமீற்றர் உயரம்வரை பரந்திருந்தது. கடற்பரப்பை அடையும் வெயிலில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு அதனாற் குறைந்திருந்தது. வெயிலைக் கொண்டே நெல்மணி முற்றுமாதலால், கமக்காரர் இதனை அற்பமாக எண்ணலாகாது.

மரக்கறிச் செய்கையாளர் சிறப்பாக அறியவேண்டியது ஓசோன் வாயுவைப் பற்றியதாகும். இஃது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. நைதரசன் ஒட்சைட்டுக்களும், முற்றும் எரியாத எரிபொருளின் ஆவியும் வெயிலிற் கலந்து, காற்றுச் செல்லும் வழியிலேயே இதனை உண்டாக்குகின்றன. ஆதலால் நகரத்திலும் பார்க்க, நகரக் காற்றுச் சென்றடையும் நாட்டுப்புறத்திற் பல வேளைகளில் ஓசோன் மிகுதியாயிருக்கும். போஞ்சியும் உருளைக்கிழங்கும் இதனால் எளிதிற் பாதிக்கப்படுபவை. முதிர்ந்த இலைகளின் மேற்பரப்பில், நரம்புகளுக்கிடையே கபில நிறச் சிறு புள்ளிகள் தோன்றி, இலை காலத்துக்கு முன்னரே உதிரும். சிற்றுண்ணியாலும் ஏறத்தாழ இவ்வாறே புள்ளிகள் தோன்றும். ஆகையால் மருந்து தெளிக்குமுன் இலையின் அடிப்புறத்தைக் கைவில்லையாற் பார்த்தல் வேண்டும். உண்ணியும் நுண்ணிய வலையும் பூஞ்சணமும் காணப்படாவிடின், இலையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. ஓசோன் தாக்கிய இலைக்கு உண்ணி மருந்து அடிப்பது வீண் செலவு.

மண்ணுக்கு நேர்வது மெதுவானது. மழையோடு விழும் அமோனிய உப்பு, காற்றில் அமிலத்தன்மை குறைந்திருப்பினும், மண்ணில் நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறும்போது மீண்டும் அமிலத்தைத் தருகின்றது. அமோனியஞ் சல்பேற்றுப் பசளையை நெடுங்காலம் இட்ட தேயிலை நிலம் புளித்துப்போவதும் இவ்வாறே. மழை தரும் அளவு பசளையினதைவிடக் குறைவு. அதிலுள்ள நைதரசனும் கந்தகமும் பயிருக்கு உணவுமாகும். எனினும் இயல்பாகவே புளிப்பான ஊவா மலைச்சரிவு மண்ணில் ஒவ்வொரு சிறு அளவும் கூடிச் சேரும். கமநல சேவை நிலையத்தின் உதவியுடன் மண்ணைச் சோதிப்பித்து, வேண்டிய அளவு டொலமைற்றை நடுகைக்கு முன்னரே இடுக. உருளைக்கிழங்கு நிலத்தில் அளவு மிஞ்சலாகாது. மிஞ்சினாற் கிழங்கிற் சொறி நோய் பெருகும்.

கடலுக்கு அப்பாலெழும் புகையை ஹாலிஎலையிலிருந்து தடுக்க இயலாது. 1998ஆம் ஆண்டு தெற்காசிய நாடுகள் மாலேயிற் செய்த பிரகடனம் அதன் பொருட்டே எழுந்தது. ஆனால் வயலில் எரிக்கும் வைக்கோலும் மேற்கூறிய வாயுக்களையே தருகின்றது; அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். சூடடித்தபின் வைக்கோலை வயலெங்கும் பரப்பி, அடுத்த நடுகைக்கு மூன்று வாரத்துக்கு முன்னர் ஈர மண்ணுடன் உழுது விடுக.